ரோட்டில் நடந்த கூட்டம்

எங்கள் கவுண்டியில், மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரும் யாரோடும் எதையும் பேசலாம், அதை ஆள்கிற கமிஷனர்கள் மூன்று பேரைத் தவிர. மூவரில் இரண்டு பேர் சேர்ந்து கவுண்டி விஷயமாக வாயைத் திறந்தால், அது காப்பிக் கடையானாலும் மாட்டுச் சந்தையானாலும் அங்கே ஒரு கூட்டம் நடந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு பெரும்பான்மை ஆயிற்றே. முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டாமல், ஜனங்களுக்குக் கதவைத் திறந்து வைக்காமல் நடந்தால் அது திருட்டுக் கூட்டம். புதிதாக யார் ஓட்டு வாங்கி ஜெயித்து வந்தாலும் முதல் நாள் காலையில் இதை எதிரே உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறவள் நான். பத்தொன்பது வருஷமாக இந்தக் கவுண்டிக்குக் கிளார்க். பெயர் லியோனா ட்ரைலிங்.

அதனால் எங்கள் கமிஷனர்கள் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி நடந்துகொள்வார்கள். துக்க வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். தலைவர் கிளைட் ப்ரங்கார்ட் தன் மகள் கல்யாணத்துக்கு மற்ற இருவரையும் அழைத்துவிட்டு, யாரை எந்த மேஜையில் போடுவது என்று என்னிடம் வந்து கேட்டார். எதிரெதிர் மூலையில் போடச் சொன்னேன். போட்டார். வடக்குக் கமிஷனர் ரே லைக்கரும் கிழக்குக் கமிஷனர் நோரீன் ஸ்டாபும் ஒரே வேலியைப் பங்கு போட்டுக்கொண்ட பக்கத்து நிலத்துக்காரர்கள். எட்டு வருஷமாக மாட்டையும் மழையையும் தவிர வேறு பேசியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், சட்டத்தை வாசித்துக் காட்டுகிற நானே ஒருவனிடம் போய் அதை மீறு என்று கெஞ்சினேன். புத்தி கெட்டுப் போகவில்லை, புருஷன் உயிர் அது.

என் புருஷன் வெர்ஜிலை மூன்று வருஷத்துக்கு முன் மாடு ஏற்றும்போது இரும்புக் கதவு திரும்பி வந்து தலையில் அடித்தது. அதிலிருந்து வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் மூக்கில் ஒரு ஸ்ப்ரே அடிக்க வேண்டும், பெரும்பாலும் நின்றுவிடும். போன ஜனவரியில் நிற்கவில்லை. இரண்டு அடித்தும் நிற்கவில்லை. வடக்கு நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸ் பதினொரு நிமிஷத்தில் வந்தது. அந்த வண்டியில் வேலை பார்க்கிற டுவேனும் அவன் மனைவியும் எங்கள் சமையலறைத் தரையில் மண்டி போட்டு ஊசி ஏற்றி நிறுத்தினார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் ஆள் பிழைத்தாலும் பழைய ஆளாகத் திரும்ப மாட்டார் என்று சொன்னார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த வடக்கு நிலையத்தைத்தான் மாதக் கடைசியோடு மூடுவது என்று பேச்சு. கவுண்டியின் இரண்டு ஆம்புலன்ஸும் இனிமேல் தலைமை ஊரான ஹாகனிலேயே நிற்குமாம். ஹாகனிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பது மைல், அதில் பாதி சரளைக்கல் ரோடு. காய்ந்த நாளில் ஐம்பது நிமிஷம். பனி பெய்தால் கடவுள்தான் வண்டி ஓட்ட வேண்டும்.

கிளைட் மூட வேண்டும் என்பவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வடக்கே முன்னூறு பேர், தெற்கே இரண்டாயிரம் பேர் என்று கணக்குப் பார்க்கிறவர். ரே மூடக் கூடாது என்பவன், அது அவன் ஏரியா. நடுவில் நோரீன். அறுபத்து மூன்று வயது, பன்றி வளர்க்கிறவர், விதவை. ஓட்டுப் போடும் நிமிஷம்வரை முகத்தில் ஒன்றும் தெரியாது. இதற்கிடையில் டுவேனுக்கும் மனைவிக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நிலையம் இருக்கும் என்று தீர்மானம் போட்டால் இருக்கிறோம், பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடு என்று டுவேன் என்னிடம் சொல்லியிருந்தான். அவர்கள் போய்விட்டால் அந்த வனாந்தரத்துக்கு வேறு யார் வருவார்கள்?

வெள்ளிக்கிழமை பெட்ரோல் போடும் இடத்தில் ரேயைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன்.

"ரே, நோரீன் என்ன நெனக்கிறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? கேக்கவே கூடாதுன்னு நீதானே படிச்சுக் காட்டின."

"இப்ப கேளு."

அவன் பம்ப்பைத் தொங்கவிட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "லியோனா, வேற யாராச்சும் சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவேன். நீயா இதச் சொல்ற?"

"நான்தான் சொல்றேன். ரெண்டு வார்த்த பேசு. வெர்ஜிலுக்கு என்ன ஆச்சுன்னு அந்தம்மாவுக்கு முழுசாத் தெரியாது. நீ உன் கண்ணால பாத்தவன். ஜனவரியில ஆம்புலன்ஸுக்குக் கதவத் தெறந்து விட்டதே நீதானே."

"அத திங்கக்கெழம கூட்டத்துல சொல்றேன்."

"கூட்டத்துல சொன்னா, அது நீ ஓட்டுக்காகப் பேசுறதா ஆயிடும். ரோட்டுல சொன்னா பக்கத்து வீட்டுக்காரன் சொன்னதா ஆகும். உனக்கு இது தெரியாதா?"

தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரே தெரிந்தவர் வண்டி வந்தால், நடு ரோட்டிலேயே இரண்டு வண்டியையும் நிறுத்தி, டிரைவர் ஜன்னலுக்கு நேராக டிரைவர் ஜன்னல் வருகிற மாதிரி வைத்துக்கொண்டு பேசுவோம். கல்யாணம், சாவு, நிலம் விற்பது, பகை தீர்ப்பது எல்லாம் அப்படித்தான் நடக்கும். பின்னால் யாராவது வந்தால் பொறுமையாகக் காத்திருப்பார்கள், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்த ஜன்னலில் சொன்னதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை.

ரே வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். போகும்போது, "எங்கம்மா செத்தப்பகூட நான் இப்படி ஒரு சங்கடத்துல மாட்டினதில்ல," என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெர்ஜிலின் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வலிப்பு வந்ததிலிருந்து அவன் வண்டி ஓட்டக் கூடாது, நான்தான் ஓட்டுவேன். நோரீனின் மெயில் பெட்டிக்குப் பக்கத்தில் ரேயின் வெள்ளை வண்டியும் நோரீனின் பழைய பச்சை வண்டியும் ஜன்னலுக்கு ஜன்னல் நின்றன. ரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்துப் புல்லில் ஏற்றிச் சுற்றிக்கொண்டு போனேன். வழக்கம்போல ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினேன். அவர்களும் தூக்கினார்கள்.

"என்ன பேசுறாங்க?" என்று வெர்ஜில் கேட்டான்.

"மழை," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். எழுபது நாளாக ஒரு சொட்டு விழவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். கொடி வணக்கம் முடிந்ததும் ரோடு மேஸ்திரி எழுந்து சரளை ரோட்டைச் சமன் செய்கிற கிரேடர் இயந்திரத்தின் கத்தி தேய்ந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு ஒரு விவசாயி வந்து, தன் வீட்டுப் பக்கத்து ரோடு துணி துவைக்கிற பலகை மாதிரி வரிவரியாகிவிட்டது, பல் செட் கழன்று விழுகிறது என்று கத்தினார்.

"பல் செட்டக் கழட்டிப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு ஓட்டுங்க," என்றார் கிளைட்.

"நான் உனக்கு ஓட்டுப் போட்டப்ப எனக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சு," என்றார் அவர். ஜனங்கள் சிரித்தார்கள். அதன் பிறகு பன்றிக் கொட்டகை வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம். நோரீன் கொண்டு வந்திருந்த பீராக், மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் திணித்துச் சுட்ட அந்தப் பன், தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். கை எழுதிற்று, மனசு பன்னிரண்டு மணியிலேயே இருந்தது.

பத்தே கால் மணிக்கு ஆம்புலன்ஸ் விஷயம் வந்தது. பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். நேரம் பார்த்து மணி அடிப்பது கிளார்க்கின் வேலை. கடைசி வரிசையிலிருந்து வெர்ஜில் எழுந்தான். அவன் பேசப் போகிறான் என்று எனக்குத் தெரியாது. காலையில் என்னோடு வண்டியில் வந்தபோது பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தான்.

அவன் நாலு பேர் முன்னால் பேசுகிறவன் இல்லை. கல்யாணத்தன்றுகூட 'சரி' என்ற ஒரு வார்த்தையோடு உட்கார்ந்துவிட்டான். இப்போது தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் பேரு வெர்ஜில் ட்ரைலிங். எல்லாருக்கும் தெரியும். எனக்கு வலிப்பு வருதுன்னும் தெரியும். ஆனா வந்தா எப்படி இருக்கும்னு தெரியாது, ஏன்னா நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. எந்திரிக்கும்போது பேண்ட் நனஞ்சிருக்கும். நாக்கு கிழிஞ்சிருக்கும். லியோனா யாருன்னு கொஞ்ச நேரம் தெரியாது. என் பொண்டாட்டியப் பாத்து நீ யாருன்னு கேப்பேன். ஜனவரியில..."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடிகாரம் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷம் ஆயிற்று. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டு வந்ததும் நான்தான். மணியை அடித்தேன். அவன் பாதி வாக்கியத்தில் நின்று, "மன்னிக்கணும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

கிளைட் தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கெடுப்புக்கு விட்டார். வடக்கு நிலையம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்ற தீர்மானம். ரே ஆதரவு. கிளைட் எதிர்ப்பு. நோரீன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஆதரவு," என்றார்.

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம். பின்னால் யாரோ கை தட்டினார்கள். வெர்ஜில் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. எழுதும்போது எழுத்து கலங்கிற்று.

கிளைட் தோற்றாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு பீராக்கை எடுத்துக் கடித்தார்.

"சரி, கவுந்தாச்சு. ஆமா ரே, நேத்து சாயங்காலம் நோரீன் வீட்டு மெயில் பெட்டிகிட்ட ரெண்டு வண்டியும் மூஞ்சிக்கு மூஞ்சி ஒட்டிக்கிட்டு நின்னுச்சாமே? தானியக் கிடங்குல ஒரே பேச்சு. என்ன, ரெண்டு பேரும் கல்யாணம் பேசி முடிச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ரேயின் காது சிவந்தது. "வேலி உடஞ்சிருக்கு, அதப் பத்தி," என்றான். நோரீன் பேசவில்லை.

"லியோனா, நீயும் அந்தப் பக்கந்தானே போவ?" கிளைட் என் பக்கம் திரும்பினார். வாயில் பன் இருந்தது, கண்ணில் குறும்பு இருந்தது. "நீ சொல்லு தாயி, வேலியா, தாலியா?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டு, எனக்கென்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். இல்லை, உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூன்று வழி இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பயம் மட்டும்தான் தெரிந்தது.

"நான் வண்டிய நிறுத்தி, அவங்ககூட நின்னு பேசினேன். மழையும் வேலியும்தான் பேச்சு. கடைசி வரைக்கும் அங்கதான் இருந்தேன். ஆம்புலன்ஸ் பத்தி ஒரு வார்த்தகூடப் பேசல."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருத்தன். ஆம்புலன்ஸ் என்ற பேச்சை யார் எடுத்தது? கிளைடின் தாடை அசைவது நின்றது. ஓரத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த கவுண்டி வக்கீல் தலையைத் தூக்கினார்.

"ஆம்புலன்ஸ் பத்தி யாரும் கேக்கலயே மேடம்?"

"கேட்டாலும் கேக்காட்டியும் அதுதான் நடந்துச்சு." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வேணும்னா அப்படியே குறிப்புல எழுதிக்கிறேன்." சொன்னதோடு நிற்காமல் எழுதவும் செய்தேன். எல்லோரும் பார்க்க, பேனாவை அழுத்தி.

நோரீன் எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"லியோனா அங்க நிறுத்தல. சுத்திக்கிட்டுப் போனா, ரெண்டு விரலத் தூக்கினா, அவ்வளவுதான். நாங்க பேசினது ஆம்புலன்ஸப் பத்தி. ரே வெர்ஜிலப் பத்திச் சொன்னான், நான் கேட்டேன். சட்டப்படி தப்பு. தெரிஞ்சுதான் பேசினோம்."

"நோரீன்," என்றான் ரே. "உக்காருங்க. தயவு செஞ்சு."

"இல்லடா. நான் சும்மா இருந்திருப்பேன். பொய் சொல்லியிருக்க மாட்டேன், ஆனா வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன், அந்தப் பாவத்தோட செத்திருப்பேன். ஆனா இவ எழுதுறா பாரு." அவர் கை என் நோட்டைக் காட்டிற்று. "எட்டு வருஷமா இவ எழுதினதப் படிச்சுப் பாக்காமலே கையெழுத்துப் போடுறேன். எம் புருஷன் உயிலக்கூட ரெண்டு தடவ படிச்சுட்டுதான் போட்டேன். இவ எழுதினா அது நடந்ததுதான்னு இருந்துச்சு. இப்ப இதுல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தம்மாள் அழுதுகொண்டு சொன்னார்.

ரே எழுந்தான். "சரி, பேசினோம். இப்ப கதவு தெறந்துதான் இருக்கு, ஜனங்க இருக்காங்க. அங்க பேசினதயெல்லாம் இங்க மறுபடி பேசுறோம். மறுபடி ஓட்டுப் போடுறோம். முடிஞ்சுது. இல்லையா வக்கீலு?"

வக்கீல் இளைஞர். கெட்ட செய்தி சொல்லிப் பழக்கமில்லாதவர். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி யாராச்சும் இத நேராச் சொல்லியிருந்தா, நானே அதத்தான் சார் செய்யச் சொல்லியிருப்பேன். தப்பு நடந்துச்சு, தெறந்து பேசிச் சரி பண்ணியாச்சுன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். இப்ப நிலம வேற. அத மறைக்கிறதுக்குக் கூட்டத்துலயே பொய் சொல்லி, அது பதிவும் ஆயிருக்கு. நீங்க வேலின்னீங்க, கிளார்க் மழைன்னாங்க. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பாத்துச் சொல்ற வரைக்கும் நீங்களும் நோரீன் மேடமும் இந்த விஷயத்துல ஓட்டுப் போடக் கூடாது. போட்டாலும் கோர்ட்டுல நிக்காது."

"எத்தன நாளு?"

"மூணு வாரம். நாலு வாரம்கூட ஆகலாம்."

கிளைட் பாதிப் பன்னைத் தட்டில் வைத்தார். "ஏம்பா, நான் சும்மா கேலிக்குத்தானே கேட்டேன்," என்றார் யாரையும் பார்க்காமல். பிறகு வக்கீலிடம், "இந்த வெர்ஜில் பய பேசினதக் கேட்ட பெறகு எனக்கே மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் என் ஓட்ட மாத்திப் போட்டா?"

"நீங்க மாத்தினாலும் ஒரு ஓட்டுதானே சார். ஒருத்தர் மட்டும் தீர்மானம் போட முடியாது."

ஒருத்தராகத் தீர்மானம் போட முடியாது. எதிரியே மனசு மாறி வந்து நிற்கிறான், அவனாலும் முடியாது. மூன்று பேருக்கும் இப்போது நிலையம் வேண்டும். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள், கதவும் திறந்திருந்தது. நான் வக்கீலிடம் போய்க் கெஞ்சினேன். என்னை வேலையை விட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பொய் சொன்னது நான், கேஸ் போடுவதானால் என்மேல் போடுங்கள், அவர்களை மட்டும் ஓட்டுப் போட விடுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்றார். எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

பதினொன்றே முக்காலுக்கு டுவேனைக் கூப்பிட்டேன். தீர்மானம் என்ன ஆயிற்று என்று சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்வதும் கிளார்க்கின் வேலைதான்.

"நாலு வாரம் பொறுத்துக்க டுவேன். நாலே வாரம். மூணு பேரும் சரின்னுதான் சொல்றாங்க."

"லியோனா, அவங்க இன்னைக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. இத விட்டா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. நாலு வாரம் கழிச்சு இங்கயும் மூடிட்டா நான் எங்க போவேன்? எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"தெரியும்."

"வெர்ஜிலுக்கு ஸ்ப்ரே எத்தன இருக்கு?"

"மூணு."

"அஞ்சு வச்சுக்க. நான் டாக்டர்கிட்ட சொல்றேன்." பிறகு, "மன்னிச்சுரு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஒரு மணிக்கு ஹாகனிலிருந்து வீட்டுக்குக் கிளம்பினோம். மத்தியானத்துக்கு மேல் என்னை அலுவலகத்தில் உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, போகச் சொல்லவும் இல்லை, நானாகவே வந்துவிட்டேன். வெர்ஜில் பக்கத்தில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். தார் ரோடு முடிந்து சரளை தொடங்கிற்று.

"ஏன் லியோனா?" என்றான்.

"பயம்."

"நானும் பயந்துதான் எந்திரிச்சேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அந்த ரோட்டை எத்தனையோ ஆயிரம் தடவை ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு மைலும் அவன்மேல் ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. அவனுக்கு வலிப்பு வந்து ஹாகனிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பினால், இந்தப் பாலத்தருகே வரும்போது பதினெட்டு நிமிஷம். ஸ்ப்ரே இரண்டும் அடித்து முடிந்திருக்கும். இந்தத் திருப்பத்தில் முப்பது. டாக்டர் சொன்ன அரை மணி. அப்புறமும் பதினாறு மைல் பாக்கி. ஆம்புலன்ஸ் என்னைவிட வேகமாகத்தான் ஓடும், என்றாலும் எவ்வளவு வேகமாக ஓடிவிடும் இந்தக் கல்லில்?

எதிரே ரேயின் வெள்ளை வண்டி வந்தது. வேகத்தைக் குறைத்தான். நான் நிறுத்துவேன் என்று ஜன்னலை இறக்கவும் செய்தான். நான் நிறுத்தவில்லை. விரலைத் தூக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. வெர்ஜில்தான் என் பக்கமாகச் சாய்ந்து கண்ணாடி வழியே கையைக் காட்டினான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வெர்ஜில் கடிகாரத்தைப் பார்த்தான். அவனும் எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறான்.

"அம்பத்தி மூணு," என்றான்.

இரண்டு பேரும் இறங்கவில்லை. தீனி நேரம் ஆகிவிட்டதால் மாடுகள் வேலிப் பக்கம் வந்து நின்று கத்தின.

"லியோனா, ஒண்ணு சொல்றேன், கேப்பியா?"

"சொல்லு."

"போன தடவ எனக்கு வந்தப்ப நீ போன எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடினியாம். வண்டி வருதா, வருதான்னு கேட் பக்கமே நின்னியாம். ரே சொன்னான்."

"ஆமா. வழி காட்டணும்ல."

"அப்ப பதினோரு நிமிஷம். சரி. இனிமே போன் பண்ணு, வேண்டாங்கல. ஸ்ப்ரேய அடி. ஆனா ரோட்டுக்குப் போயி நிக்காத. என் தலைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்துக்க." அவன் முன் கண்ணாடி வழியே மாடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்பத்தி மூணு நிமிஷம் நீ வெளிய நின்னுக்கிட்டு இருந்தா, உள்ள நான் தனியாக் கெடப்பேன். யாரு எவருன்னு எனக்குத் தெரியாதுதான். இருந்தாலும் நீ பக்கத்துல இரு."

ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இறங்காமல் என்னோடு உட்கார்ந்திருந்தான்.